புறம்போக்கில் ஒரு பெயர்: ஹோஸ்ட்ஸ் கோப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

எனக்கு வெட்கக்கேடாய் முடிந்த ஒரு சம்பவத்திலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, பழைய உண்மை அறியும் குழு அறிக்கைகளையெல்லாம் தட்டச்சு செய்து ஓர் இணையதளமாகக் கொண்டுவந்தோம். சைக்ளோஸ்டைலில் உருட்டியது, கையெழுத்துப் பிரதியாகவே நின்றுபோனது, யாரோ ஒரு தோழர் வீட்டுப் பரணில் கரையானுக்குத் தப்பியது என்று பதினைந்து வருஷத்து அறிக்கைகள். வெளியீட்டுக்கு ஒரு சின்னக் கூட்டம். என் மடிக்கணினியைப் புரொஜெக்டரில் மாட்டி, தளத்தின் பெயரை எல்லோரும் பார்க்கும்படி எழுத்தெழுத்தாக அடித்தேன். திறந்தது. கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து, இனி இந்த ஆவணங்களை எவராலும் மறைக்க முடியாது என்று பேசினார்.

பின்வரிசையில் ஒரு பையன். தளத்தில் உள்ள அறிக்கைகளில் ஒன்று அவன் ஊரைப் பற்றியது. அம்மாவோடு வந்திருந்தான். கூட்டம் முடியும் நேரத்தில் போனை நீட்டினான். 'அண்ணா, எனக்கு வரலியே.' 'நெட்வொர்க் சரியில்லாம இருக்கும் தம்பி' என்றேன். இன்னும் மூன்று பேர் முயன்றார்கள். யாருக்கும் வரவில்லை. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: 'உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தாண்ணா வருது.'

அவன் சொன்னது தொழில்நுட்பரீதியாக அப்பழுக்கற்ற உண்மை. தளத்தை உருவாக்கிக்கொண்டிருந்த மாதங்களில், அதன் பெயரை என் கணினிக்குள்ளேயே இருக்கும் பிரதியோடு இணைத்து ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அந்த வரியை நீக்க மறந்துபோனேன். பெயரை வெளியுலகின் சர்வரோடு இணைக்கவும் மறந்துபோனேன். முதல் மறதி இரண்டாவது மறதியை எனக்குக் காட்டாமல் மறைத்துவிட்டது. ஏன்னா, எனக்குத்தான் தினமும் திறக்கிறதே!

இந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது, அதை எழுதும் உரிமை எப்படி இன்னமும் நம் கையில் மிஞ்சியிருக்கிறது, அந்த உரிமைக்கு என்ன மதிப்பு என்பதைப் பற்றியே இந்தக் குறிப்புகள்.

2

கணினி அறியாத நண்பர்களுக்காகச் சற்று விளக்கம். இணையத்தில் ஒரு கணினியை இன்னொரு கணினி அடைய எண் வேண்டும். பெயர் என்பது மனிதர்களின் வசதிக்கு. நாம் பெயரை அடிக்கிறோம். அந்தப் பெயருக்கு எந்த எண் என்று கணினி விசாரிக்கிறது. வெளியே விசாரிப்பதற்கு முன் பொதுவாகத் தன்னிடமே இருக்கும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறது. அதன் பெயர் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பு. வரிக்கு ஓர் எண், பக்கத்தில் ஒரு பெயர். அவ்வளவுதான். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் 'இடிசி' என்ற அடைவுக்குள் இருக்கும். விண்டோஸிலும் 'சிஸ்டம்32' அடைவுக்குள் புகுந்து 'டிரைவர்ஸ்', அதற்குள் 'இடிசி' என்று தேடிப்போனால் அதே பெயரில் அதே கோப்பு. யாருடைய சொத்து எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு இதுவே ஒரு சான்று.

127.0.0.1 என்ற எண் 'நான்தான்' என்று பொருள்படும். 127இல் தொடங்கும் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் சொச்சம் எண்களையும் கணினி தன்னையே சுட்டிக்கொள்வதற்கென்று ஒதுக்கிவிட்டார்கள். 1986ஆம் ஆண்டின் ஆவணத்திலேயே இது பதிவாகியிருக்கிறது. இணையதளம் செய்கிறவர்கள் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் தாங்கள் செய்யப்போகும் தளத்தின் பெயரை எழுதிக்கொள்வார்கள். அதன்பிறகு பிரவுசரில் அந்தப் பெயரை அடித்தால் கேள்வி வெளியே போவதில்லை. வாசலைத் தாண்டாமலே பதில் வந்துவிடும். தளம் உண்மையான பெயரில் இயங்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதை உலகம் பார்க்காமல் ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம்.

நாடகக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஆனால் ஒத்திகையில் ராஜா வேஷம் கட்டினவன் தெருவில் இறங்கி வரி கேட்டால் என்ன ஆகுமோ, அதுதான் எனக்கு அன்றைக்கு ஆனது.

3

இந்த நோட்டுப் புத்தகம் ஒத்திகைக்காகப் பிறந்ததல்ல. ஒரு காலத்தில் பெயரிடுதல் என்பதே இதுவாகத்தான் இருந்தது.

அமெரிக்க ராணுவத் துறையின் பணத்தில் உருவான ஆர்பாநெட்டில் ஒவ்வொரு நிலையமும் மற்றக் கணினிகளுக்குத் தன் இஷ்டப்படி பெயர் வைத்துக்கொண்டது. ஒரே கணினிக்கு இங்கே ஒரு பெயர், அங்கே வேறொரு பெயர். 1971 செப்டம்பரில் பெக்கி கார்ப் என்பவர் இந்தப் பெயர்களை ஒருமைப்படுத்த வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச், ஒவ்வொரு நிலையமும் தனக்கென ஒரு காலாவதியான பட்டியலை வைத்துக்கொண்டிருப்பதன் அபத்தத்தைச் சுட்டிக்காட்டி, எல்லோரும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரே அதிகாரபூர்வப் பட்டியல் வேண்டுமென்றார். அடுத்த மாதமே, கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இருந்த வலையமைப்புத் தகவல் மையம் அந்தப் பொறுப்பை ஏற்றது.

பன்மையைக் கொண்டாடும் நமக்கு இந்த இடம் சங்கடமானது. 'மையம்' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கப் பழகியிருக்கிறோம். ஆனால் இங்கே மையத்தைக் கேட்டு வாங்கியவர்கள் விளிம்பில் இருந்தவர்களே. ஆளுக்கொரு பெயர் என்ற நிலையில் ஒருவருக்கொருவர் பேச முடியாமல் போனது. பேசுவதற்காகப் பொதுப் பட்டியல் கேட்டார்கள். அதிகாரம் எப்போதும் மேலிருந்தே இறங்குகிறது என்பது பாதி உண்மைதான் போலும்.

அந்த மையத்தை 1989 வரை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர். 1972இல் அங்கே சேர்ந்தவர். தகவல்களைத் தொகுப்பதே அவருடைய வேலை. புதிதாகக் கணினி இணைந்தால் அவரது மையத்துக்கு எழுதுவார்கள். அங்கே பட்டியலில் ஏற்றுவார்கள். மற்ற நிலையங்கள் அந்தப் பட்டியலை இறக்கித் தங்கள் கணினியில் வைத்துக்கொள்ளும். கிராமத்துக் கணக்குப்பிள்ளையின் அடங்கல் மாதிரி என்று வச்சுக்கலாம். ஒரு வித்தியாசம்: அதன் பிரதி ஊரில் எல்லார் வீட்டிலும் இருந்தது. யாருக்கு எந்தப் பெயர் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

பட்டியலுக்கு ஓர் இலக்கணமும் வகுத்தார்கள். 1974 ஜனவரியின் குறிப்புப்படி பெயரில் வரக்கூடியவை ஆங்கில எழுத்துகள், எண்கள், ஒரு சிறுகோடு. அதற்கு மேல் கிடையாது. யாரையும் விலக்க வேண்டும் என்று நினைத்து எழுதிய விதி இல்லை. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேறு எழுத்து தேவைப்படவில்லை, அவ்வளவே. விலக்கல்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன: பகை இருக்க வேண்டியதில்லை, ஆள் அங்கே இல்லாமல் இருந்தால் போதும். இந்த விதியிடம் பிறகு வருவோம்.

4

பட்டியல் வளர்ந்தது. கணினிகள் கூடக்கூடப் பட்டியலின் நீளமும் கூடும், அதை இறக்கிக்கொள்பவர்களும் கூடுவார்கள். ஆக, கணினிகள் இரண்டு மடங்கானால் பட்டியலைப் பரப்பும் சுமை நான்கு மடங்காகும். இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு பல்கலைக்கழகம் தன் சொந்தக் கணினிக்குப் பெயர் மாற்றினாலும், மென்லோ பார்க்கில் பட்டியல் திருத்தப்படும் வரை உலகத்துக்கு அது தெரியாது. தன் வீட்டுக்குள் நடந்த பெயர்சூட்டு விழாவுக்கு வெளியூரில் அங்கீகாரம் வாங்கக் காத்திருக்க வேண்டும்.

1983 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் இதற்கொரு மாற்று எழுதினார். டொமைன் பெயர் அமைப்பு என்று இன்று நாம் அறிவது அதுதான். மொத்தப் பட்டியலையும் ஒருவரே வைத்திருக்க வேண்டாம். வேரில் இருப்பவர் கிளைகளை மட்டும் அறிவார். கிளை தன் கிளைகளை அறியும். கடைசிப் பெயரை அதன் சொந்தக்காரரே எழுதிக்கொள்வார். 1984 அக்டோபரில் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் 'காம்', 'எடு', 'கவ்', 'மில்', 'ஆர்க்' என்ற தலைப்புகளையும், நாடுகளுக்கு இரண்டெழுத்துக் குறிகளையும் முன்வைத்தார்கள். 1987 நவம்பரில் மொக்கபெட்ரிஸ் தன் வரைவைத் திருத்தி எழுதினார். அதன்மேல்தான் இன்னும் நிற்கிறோம்.

அதிகாரப் பரவலாக்கத்துக்கு இதைவிட அழகான உதாரணம் கிடைக்காது என்று தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கிளைகள் எத்தனை பரவினாலும் வேர் ஒன்று. வேரில் ஒரு வரியை மாற்றுகிறவரே ஒரு தலைப்பு முழுவதும் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கிறார்.

இது வெறும் கோட்பாடு இல்லை என்று 1998 ஜனவரி 28 அன்று தெரிந்தது. போஸ்டல் எட்டு வேர் சர்வர்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதுவரை நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தின் சர்வரிலிருந்து எடுத்துவந்த வேர்ப் பிரதியை இனித் தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். எட்டுப் பேரும் செய்தார்கள். ஏனென்று ஒருவரும் மறுக்கவில்லை. உலகத்தின் பெயர்ப் பதிவேடு ஒரு கடிதத்தால், ஒரு மனிதர் மீதிருந்த மரியாதையால், இடம் மாறியது. அமெரிக்க அரசு தலையிட, சில நாட்களில் பழைய நிலை திரும்பியது. அது வெறும் சோதனை என்று போஸ்டல் விளக்கம் சொன்னார். அதே ஆண்டு செப்டம்பரில் ஐகான் நிறுவனம் பதிவானது. அக்டோபரில் போஸ்டல் இறந்துபோனார். அந்த வேரின் மீது அமெரிக்க அரசுக்கு இருந்த ஒப்பந்தப் பிடி 2016 அக்டோபர் வரை நீடித்தது.

ஃபைன்லரின் பட்டியல் எல்லோர் கணினியிலும் பிரதியாக இருந்தது; அதில் இருந்த மொத்தப் பெயர்களையும் யாரும் படிக்கலாம். புதிய அமைப்பில் நாம் படிப்பதில்லை, கேட்கிறோம். பெயர் தெரிந்தால்தான் கேட்க முடியும். பதில் தருகிறவர் தராமலும் இருக்கலாம், மாற்றியும் தரலாம். 2014 மார்ச்சில் துருக்கி அரசு ட்விட்டரைத் தடுத்தபோது முதலில் செய்தது, நாட்டுக்குள்ளிருந்த பெயர் சர்வர்களைப் பொய் சொல்ல வைத்ததுதான். இஸ்தான்புல் சுவர்களில் மாற்றுப் பெயர் சர்வரின் எண்ணைப் பெயின்டில் எழுதிவைத்தார்கள். சீனாவில் பெயர்கள் இப்படி நஞ்சூட்டப்பட்டபோது, எண்ணும் பெயரும் எழுதிய ஹோஸ்ட்ஸ் பட்டியல்களையே ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டார்கள். செத்துப்போனதாக நினைத்த 1974இன் பட்டியல், தணிக்கை முன்னால் துண்டுப் பிரசுரமாக எழுந்து வந்தது! ஆனால் அதன் எல்லையும் அங்கேயே தெரிந்தது. எண்ணையே தடுத்துவிட்டால் பெயர்ப் பட்டியலால் ஒன்றும் செய்ய முடியாது.

5

இனி நம் ஒத்திகைக்காரர்களிடம் திரும்பலாம். இவர்கள் இல்லாத பெயர்களையும் தங்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மிகப் பிரியமானது '.டெவ்' என்று முடியும் பெயர். அப்படி ஒரு தலைப்பு வேரில் கிடையாது. எனவே யாரோடும் மோதல் இல்லை. 2011இல் 37சிக்னல்ஸ் வெளியிட்ட 'பவ்' போன்ற இலவசக் கருவிகள் இந்த வழக்கத்தையே விதியாக்கின. யாரிடமும் கேட்காமல், யாரும் தடுக்காமல், உலகெங்கும் பல கணினிகளின் உள்ளே '.டெவ்' குடியிருப்புகள் எழுந்தன.

நம் ஊரில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: புறம்போக்கு. பதிவேட்டில் யார் பெயரிலும் இல்லாத நிலம். குடிசை போட்டவர்களுக்கு அது வீடு. பதிவேட்டுக்கு அது காலி இடம்.

2012இல் ஐகான் புதிய தலைப்புகளுக்கு விண்ணப்பம் வாங்கியது. ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,85,000 டாலர். 1,930 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் 101 கூகுளின் துணை நிறுவனத்துடையவை, '.டெவ்' உட்பட. 2014 இறுதியில் '.டெவ்' வேரில் ஏறியது. பட்டா மாறியது. குடியிருந்தவர்களில் பலருக்கு அது தெரியவே இல்லை, ஏன்னா அவர்கள் கணினி வெளியே கேட்பதே இல்லையே. 2017 டிசம்பரில் வந்த குரோம் 63 பிரவுசர், '.டெவ்' என்று முடியும் எந்தப் பெயரையும் பாதுகாப்புச் சான்றிதழோடு மட்டுமே திறக்கும் என்றானது. ஒத்திகைத் தளங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சான்றிதழ் கிடையாது. அவை திறக்கவில்லை.

நோட்டிலிருந்த வரியை யாரும் அழிக்கவில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பெயர் அப்போதும் 127.0.0.1 என்றே பதில் சொன்னது. வாசலில் நின்ற பிரவுசர்தான் மறுத்தது. பிரவுசரைச் செய்தவரும் பெயரின் பட்டாதாரரும் ஒரே ஆள். குடிசைக்கு மேல் கை வைக்காமல், பாதையில் ஒரு கேட் போட்ட மாதிரி. கேட்டுக்குச் சொன்ன காரணம் பாதுகாப்பு. அந்தக் காரணம் பொய்யுமில்லை. சான்றிதழ் உள்ள தளம் வாசகருக்கு நிஜமாகவே பாதுகாப்பானது. அதிகாரம் நியாயமான காரணத்தோடு வரும்போதுதான் அதை வாசிப்பது கஷ்டமாகிறது. 2019 பிப்ரவரி இறுதியில் '.டெவ்' பெயர்கள் பொது விற்பனைக்கு வந்தன.

இதை வெறும் வெளியேற்றக் கதையாகச் சொல்லி முடித்தால் நம் பக்கத்துத் தவறு மறைந்துபோகும். 1999 ஜூனிலேயே '.டெஸ்ட்', '.எக்ஸாம்பிள்', '.இன்வேலிட்', '.லோக்கல்ஹோஸ்ட்' என்ற நான்கு தலைப்புகளை எவருக்கும் விற்கக்கூடாத பொதுச்சொத்தாக ஒதுக்கி எழுதிவைத்திருந்தார்கள். ஊருக்கு விட்ட மந்தைவெளி. அதை விட்டுவிட்டுப் பக்கத்துப் புறம்போக்கில் கொட்டகை போட்டது நாம்தான். அந்த ஆவணத்தை நம்மில் பலர் படித்ததில்லை. 2017க்குப் பிறகே எல்லோரும் '.டெஸ்ட்' பக்கம் வந்தார்கள்.

எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. '.ஹோம்', '.கார்ப்' என்ற பெயர்களுக்கும் விண்ணப்பங்கள் போயின. ஆனால் உலகெங்கும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் அந்தப் பெயர்களை உள்ளுக்குள் புழங்கிய கணினிகள் ஏராளம். அவற்றின் கேள்விகள் கசிந்து வேர் சர்வர்களில் வந்து குவிந்துகொண்டிருந்தன. விற்றால் பெரும் குழப்பம் வரும் என்று தெரிந்து, 2018இல் ஐகான் '.மெயில்' உட்பட இந்த மூன்றையும் கைவிட்டது. எவரும் மனு கொடுத்து வாங்கிய வெற்றி இல்லை இது. கூட்டமாகக் குடியிருந்ததே மனுவாயிற்று. 2024 ஜூலையில் '.இன்டர்னல்' என்ற பெயரை வேரில் என்றைக்கும் ஏற்றுவதில்லை, தனிப் புழக்கத்துக்கே விடுவது என்று அதே ஐகான் முடிவெடுத்தது.

6

1974இன் விதியிடம் வருவதாகச் சொன்னேன். ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு. இந்த அமைப்புக்குள் தமிழ் எழுத்து நுழைய ஏறக்குறைய முப்பது வருஷம் ஆனது. நுழைந்ததும் நேர்வழியில் இல்லை. 2003இன் ஏற்பாட்டின்படி, நாம் தமிழில் அடிக்கும் பெயரைப் பிரவுசர் 'எக்ஸ் என்' என்று தொடங்கி இரண்டு சிறுகோடுகளோடு வரும் ஓர் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றியே வெளியே அனுப்புகிறது. வேருக்குத் தெரிந்தது அந்தச் சரம் மட்டுமே. தமிழ் திரையோடு நிற்கிறது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் நேரடியாகத் தமிழில் ஒரு பெயரை எழுதினால், அதை நம்பி வேலை செய்ய முடியாது; அந்தச் சரத்தைத்தான் எழுத வேண்டும். நம் சொந்த நோட்டிலும் நம் பெயருக்கு மாறுவேஷம்!

2010, 2011 ஆண்டுகளில் '.இலங்கை', '.இந்தியா', '.சிங்கப்பூர்' என்ற மூன்று தமிழ்த் தலைப்புகள் வேரில் ஏறின. மகிழ்ச்சிதான். ஆனால் மூன்றும் நாடுகளின் பெயர்கள். 1994இல் போஸ்டல் எழுதிய ஆவணமொன்று, எது நாடு எது நாடல்ல என்று தீர்மானிப்பது தங்கள் வேலையல்ல, அதற்கென ஏற்கெனவே இருக்கும் சர்வதேசப் பட்டியலைப் பின்பற்றுகிறோம் என்று விளக்குகிறது. நேர்மையான நிலைப்பாடு. இன்னொரு பட்டியலின் பின்னால் ஒதுங்கிக்கொண்ட நிலைப்பாடும்கூட. அந்தப் பட்டியலில் இல்லாதவர்களுக்கு இது என்ன பொருள் தரும் என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாட்டைத் தவிர்த்து மொழியின் பெயரில் தலைப்பு வாங்கியவர்கள் கத்தலான் மக்கள். 2005இல் '.கேட்' அவர்கள் மொழிக்கும் பண்பாட்டுக்குமென வந்தது. 2017 செப்டம்பர் 20 அன்று, கத்தலோனியப் பொதுவாக்கெடுப்புக்குப் பதினோரு நாள் முன்பு, ஸ்பெயின் போலீஸ் அந்தப் பதிவகத்தின் அலுவலகத்தில் சோதனை போட்டது. வாக்கெடுப்புத் தளங்களின் பெயர்களை முடக்குவதுதான் நோக்கம். பதிவேடு ஒரு கட்டடத்தில், ஒரு நாட்டின் சட்டத்துக்குள் இருக்கிறது. பெயர் மொழியுடையதாக இருந்தாலும் கதவைத் தட்டுவது அரசுதான்.

7

ஆக, நம் கையில் இருப்பது என்ன? நிர்வாகி கடவுச்சொல் கையில் உள்ள எவரும் ஒரு வரி எழுதி, உலகத்தின் எந்தப் பெயரையும் தன்னளவில் மாற்றிப் பொருள்கொள்ளலாம். எந்த வேரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஓர் ஏற்பாட்டிலிருந்து மிஞ்சிய முழு இறையாண்மை இது. அதன் பரப்பு ஒரு கணினி.

இதை அற்பமென்று தள்ள நான் தயாராக இல்லை. எதையும் வெளியே காட்டும் முன் செய்து பார்க்கவும், தப்புச் செய்யவும், அழிக்கவும் ஓர் இடம் வேண்டும். சிறுபத்திரிகை என்பதே அப்படியொரு இடமாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் முந்நூறு பிரதி அச்சடித்து, நமக்குள்ளேயே படித்து, நமக்குள்ளேயே சண்டை போட்டு, அந்தச் சத்தத்தையே சமூகத்தில் எழுந்த சலனமாக எண்ணிக்கொண்ட வருஷங்களும் உண்டு இல்லையா? நமக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்திருப்பதாக நம்புவதற்கு மறந்துபோன ஒரு வரி போதும்.

அந்தக் கூட்டத்தில் அம்மாவும் பையனும் கடைசிப் பேருந்துக்குப் போக வேண்டியிருந்தது. அந்த அம்மா கிளம்பும்போது கேட்டார்: 'எங்க ஊர்ல நடந்தத எல்லாரும் படிக்கலாம்னுதான சொன்னீங்க?' பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கிவிட்டு உட்கார்ந்து அந்த வரியை நீக்கினேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். அப்படி ஒரு தளம் இல்லை என்று வந்தது. பின்வரிசையில் அந்தப் பையன் பார்த்தது என்ன என்று அப்போதுதான் நானும் பார்த்தேன்.

அதற்கடுத்த நாள் பெயரைச் சர்வரோடு இணைத்தேன். மாலையில் அவனுக்குப் போன் போட்டு, இப்போது பார்க்கச் சொன்னேன். 'இருங்கண்ணா' என்றான். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, என்னிடமில்லாமல், வீட்டுக்குள் யாரிடமோ சொல்வது கேட்டது: 'அம்மா, நம்ம ஊர் வந்திருச்சு.'